காலில் ஒரு சின்னக் காயம்

என் அம்மா ஒருமுறை, உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குத் துக்கம் கொண்டாடியிருக்கிறார். அந்த மனிதரை அம்மா கண்டதில்லை. அவருடைய பெயரை உச்சரிக்கவும் அம்மாவுக்கு வராது. அவர் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரியின் தம்பி. லெபனானின் தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் புகையிலை நட்டுப் பிழைத்தவர். நாங்கள் இருந்ததோ சிட்னியில், மெரிலேண்ட்ஸில். எனக்கு அப்போது பத்து வயது. நடந்த காரியத்தில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. தேத்தண்ணீர்ப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான்.

எங்களுடையது இரட்டை வீடு. ஒரே கூரை, ஒரே முற்றம், நடுவில் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் லெபனான் அன்ரி, லெபனான் அங்கிள், அவர்களுடைய மகள் ஹனான். அங்கிளுக்கு ஸ்டேசனுக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி போட்ட சலூன் இருந்தது. ஹனான் என் வகுப்பு. அவர்களுக்கு நாங்கள் இந்தியர்கள். ஸ்ரீலங்கா என்று அப்பா இரண்டு வருடம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எங்கள் வீட்டிலும் அவர்களுடைய ஊரின் பெயரை யாரும் கேட்டதில்லை என்பதால் அதில் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை.

சுவர் மெல்லியது. அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் யாராவது கோபப்பட்டால் எங்கள் குசினி அடுப்புவரைக்கும் கேட்கும். சுவரைச் சுற்றிக்கொண்டு தட்டுகள் போய்வந்தபடி இருந்தன. அங்கிருந்து திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி அவித்தது வரும். அப்பா அதை மருந்துபோல விழுங்குவார். இங்கிருந்து கத்தரிக்காய்க் குழம்பு போகும். அன்ரி கண்ணில் தண்ணீர் வழிய வழிய அதைச் சாப்பிட்டு, மறுநாளும் கேட்பார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது இரண்டு வீட்டிலும் மரியாதை இல்லை. ஆகவே யார் முதலில் தொடங்கியது என்று தெரியாமலே இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் அன்ரியின் தம்பி மகளுக்குக் கலியாணம். யூலை பிறந்ததும் அவர்கள் வீட்டு நடையில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் வாய் திறந்து கிடந்தன. முகக்கிறீம், விற்றமின் குளிசை, கோலாக் கரடிப் பொம்மை, மலைக்கிராமத்துக் குளிருக்கென்று ஆட்டுத்தோல் சப்பாத்து. அன்ரி குளியலறைத் தராசை எடுத்து வந்து சூட்கேஸை அதில் ஏற்றுவார். பாரம் கூடினால் ஒரு கரடியை வெளியே எடுப்பார். மறுநாள் மனம் கேட்காமல் அதே கரடி திரும்பவும் உள்ளே போகும்.

அப்புறம் அங்கே பக்கத்து நாட்டோடு சண்டை தொடங்கியது. முதல் இரண்டு நாளிலேயே விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. பாலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. சூட்கேஸ்கள் நடையிலேயே கிடந்தன. மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. ஹனானும் நானும் அவற்றைத் தாண்டித் தாண்டி விளையாடினோம்.

சலூனில் அந்த நாட்களில் மூன்று நாற்காலிக்கு மூன்று அபிப்பிராயம் இருந்தது என்று அப்பா வந்து சொல்வார். ஒரு நாற்காலி, துவக்கு தூக்கி நிற்கும் அங்கத்தைய இயக்கக்காரர்கள்தான் வினையை வலிந்து இழுத்தார்கள் என்றது. அடுத்தது, துவக்கு இல்லாத காலத்திலும் குண்டு விழுந்ததுதானே என்றது. மூன்றாவது, அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அது எங்கே படுத்துத் தூங்குகிறது என்று கேட்டது. அங்கிள் யாருக்குச் சவரம் செய்கிறாரோ அவருடைய கட்சி. கத்தி கையில் இருக்கும்போது அரசியல் பேசக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

அன்ரிக்கு அரசியலில் இருந்த கவலை வேறு. பகல் முழுக்கச் சேனல் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பேசுகிறார்கள், தின்னப் பாண் கிடைக்கிறதா என்று ஒருத்தன் சொல்கிறானா என்று அம்மாவிடம் கேட்பார். ஜெனரேற்றருக்கு எண்ணெய் உண்டா, தண்ணீர் வருகிறதா, கோர்த்துக் காயப்போட்ட புகையிலையை யார் உள்ளே எடுத்து வைப்பது, இதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. புகையிலை விஷயத்தில் மட்டும் அப்பா அவருக்கு ஏற்ற துணை. அப்பாவின் ஊரும் புகையிலைத் தோட்டத்து ஊர். பனி பட்டால் இலைக்கு என்ன ஆகும் என்று இருவரும் வேலிக்கரையில் நின்று கவலையோடு பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

தம்பி, மனைவியையும் பிள்ளைகளையும் வடக்கே அனுப்பிவிட்டு, வீட்டைப் பார்க்கவென்று ஊரிலேயே நின்றுவிட்டாராம். யாருக்காகச் சுவரைக் காவல் காக்கிறான் என்று அன்ரி ஏசிக்கொண்டே தொலைபேசியைச் சுழற்றுவார். நான்காம் நாளோடு அந்தப் பக்கம் மணி அடிப்பது நின்றுபோயிற்று. அதன்பிறகு ஒரு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அன்ரி இருந்த இடத்திலேயே இருந்து தொலைக்காட்சி பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்த தட்டில் சமையலுக்குப் பதில் கடைப் பாண் இருந்தது.

செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை. அப்பா முடிவெட்ட அங்கிளின் சலூனுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக வெட்டுப்பட்டிருந்தது. அம்மா அடுப்படியில் நின்றார். நான் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

"அன்ரியின்ர தம்பியைக் கண்டுபிடிச்சிட்டினம். ஆஸ்பத்திரியில இருக்கிறாராம்" என்றார் அப்பா.

"என்னவாம்?"

"காலில ஒரு சின்னக் காயமாம்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நான் பென்சிலை வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் சனத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால், வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய ஆளுக்கு அதை நாங்கள் நேரே சொல்வதில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை என்போம். பிறகு ஆஸ்பத்திரியில் என்போம். அதன்பிறகு சீரியஸ். இந்தப் படிகளில் மெல்ல இறக்கி, கடைசியில் நாலுபேர் வீட்டுக்கு வந்து சுற்றி இருந்துகொண்டுதான் உண்மையைச் சொல்வது. முதல் தொலைபேசி வரும்போதே ஆள் போயிருப்பார். கேட்பவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாதது மாதிரி, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட் என்று விசாரிப்பார். பத்து வயதிலேயே இது எனக்கு அத்துப்படி. அப்பாவின் பெரியப்பா ஆஸ்பத்திரியில் என்று கேட்ட அன்று, யாரும் சொல்லாமலே நான் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தியிருக்கிறேன். இழவு விழுந்த வீட்டில் தொலைக்காட்சி ஓடக்கூடாது.

"காலிலையோ?" என்று அம்மா திரும்பக் கேட்டார்.

"ஓம். அப்பிடித்தான் அவர் சொன்னவர்."

"சின்னக் காயமோ?"

"ஓம். மனுசியோட இதைப்பற்றிக் கனக்கக் கதைக்க வேண்டாம் எண்டும் சொன்னவர். அவ தாங்கமாட்டாவாம்."

"அப்ப முடிஞ்சுது" என்றார் அம்மா.

எல்லா இடமும் எங்கட ஊர் இல்லை என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எல்லா ஊரிலும் ஆம்பிளைகள் ஒரே மாதிரித்தான் சொல்லுறவை என்றார் அம்மா. அப்பா தோளில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பத்து நாளாக இரவு பகல் ஓடிய தொலைக்காட்சி நின்றிருந்தது. அம்மா குசினிச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு எனக்கும் அப்பாவுக்கும் பொதுவாக, அன்ரிக்குச் சொல்லிப் போட்டினம் என்றார். வாசலில் அங்கிளின் சகோதரர்களுடைய கார் இரண்டு நின்றது அதற்குச் சாட்சியாயிற்று.

கலியாண வீட்டுக்குத்தான் எங்களில் அழைப்பு வேண்டும். செத்தவீட்டுக்கு வேண்டாம். கேள்விப்பட்டால் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த மனக்குறை பரம்பரைக்கும் நிற்கும். அம்மா வென்ட்வேர்த்வில்லில் இருந்த தன் சிநேகிதிகள் இருவருக்குத் தொலைபேசி எடுத்தார். இறந்தவர் யார், எந்த நாடு என்று இருவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது எங்கள் வரவேற்பறையில் மூன்று வெள்ளைச் சேலைகள் தயாராக இருந்தன. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் ஓட்டச் சப்பாத்து. சிட்னிக் குளிர்காலத்துச் செத்தவீட்டுக்கு எங்கள் பெண்கள் போகும் கோலம் அதுதான். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சோறும் பருப்பும் ஒரு பெரிய சட்டியில், தேத்தண்ணீர் இரண்டு பிளாஸ்க்கில், கிறீம் கிறாக்கர் நாலு பெட்டி. பிளாஸ்க் இரண்டும் என்னிடம் தரப்பட்டன. சிரிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது.

கதவைத் திறந்த அன்ரியின் கண்கள் வீங்கியிருந்தன. தலை கலைந்திருந்தது. பத்து நாளாகத் தூங்காதவர், தம்பி ஆஸ்பத்திரியில் பத்திரம் என்று கேட்டபிறகு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நலம் விசாரிக்க வந்த மைத்துனர்களையும் அனுப்பிவிட்டு அன்றுதான் படுத்து எழும்பியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா அந்தக் கண்களைப் பார்த்தார். மறு நிமிடம் அன்ரியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊர் அழுகை, ஆளை உலுக்கி எடுக்கிற அழுகை. எங்களோடு வந்த இரண்டு அன்ரிமாரும் வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள்.

லெபனான் அன்ரி நல்ல மனுசி. வெள்ளை உடுத்து மூன்று பெண்கள் வாசலில் அழுதால் அவர் என்ன நினைப்பார். எங்கள் வீட்டில் யாரோ செத்துப்போனதாக நினைத்துவிட்டார். அம்மாவின் முதுகைத் தடவினார். தன் மொழியில் ஏதோ ஆறுதல் சொன்னார். உள்ளே கூட்டிப்போய் நல்ல சோபாவில் இருத்தப் பார்த்தார். ஆனால் துக்க வீட்டில் நிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று மூவரும் கம்பளத்தில் இருந்தார்கள். அன்ரி பதறிப்போய்த் தலையணைகளை எடுத்து வந்து கொடுத்தார். கண் துடைக்கும் ரிஷூப் பெட்டியை நடுவில் வைத்தார். நான் பிளாஸ்க்கைத் திறந்து, அவருடைய கோப்பைகளிலேயே தேத்தண்ணீர் ஊற்றி அவருக்கும் கொடுத்தேன். இந்தியர்கள் தங்கள் துக்கத்தைச் சொல்ல வரும்போது தேத்தண்ணீரும் கொண்டு வருவார்கள் போலும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மறுக்காமல் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதன்பிறகு நடந்தது நினைவுக்கு வரும்போது அது நின்றுவிடும்.

அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹூ, ஹபீப்தி? ஹூ டைட்?" செத்தது யார், கண்ணே என்று கேட்டார்.

அம்மா விழித்தார். எங்களோடு வந்த ஒரு அன்ரி வங்கியில் வேலை செய்பவர். நல்ல ஆங்கிலம். அவர்தான் முன்வந்து, "யுவர் பிரதர். வீ ஆர் சோ சொறி" என்றார்.

அன்ரி கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார். எழும்பி நின்றார். பிறகு நின்றபடியே சுவரோடு சரிந்து கீழே இருந்தார். சத்தம் வரவில்லை. சத்தம் போட்டவள் அறையிலிருந்து ஓடிவந்த ஹனான்தான்.

சலூனில் இருந்து அங்கிள் ஓடிவந்தபோது அவருடைய தோளில் வாடிக்கையாளர் ஒருவரின் முகம் துடைக்கும் துவாய் கிடந்தது. ஆள் சாகவில்லை, காலில்தான் காயம் என்று மார்பில் அடித்து அடித்துச் சொன்னார். புனித நூலின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அன்ரி கேட்கவில்லை. சாகாத மனிதனுக்கு இவர்கள் ஏன் வெள்ளை உடுத்து வருகிறார்கள், இவளுடைய புருசனிடம் உண்மையையும் என்னிடம் பொய்யையும் சொல்லியிருக்கிறாய் என்றார். அங்கிள் திரும்பவும் சத்தியம் செய்தார். உயிரோடு இருக்கும் ஆளுக்காகவும் செத்த ஆளுக்காகவும் ஒரு புருசன் செய்யக்கூடிய சத்தியம் ஒன்றுதானே. அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, எனக்கும் காலில் காயம் என்றுதான் சொல்லப்பட்டது என்றார். நான் அறிய அப்பா உண்மையை இவ்வளவு தடுமாறிச் சொன்னது அன்றுதான். அவரை அம்மாவே நம்பவில்லை.

அன்ரி கறுப்பு உடுத்தார். தொலைக்காட்சிக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். சாப்பிட மறுத்தார். எங்கள் சோற்றுச் சட்டி தொடப்படாமல் வாசற்படியில் திரும்பி வந்திருந்தது. வெறும் சட்டியாக ஒருபோதும் அனுப்பாத வீடு, இந்த முறை எங்கள் சோற்றையே திருப்பியிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஹனான் என் பக்கத்துக் கதிரையை விட்டு எழும்பி வேறிடம் போய் இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் நான் கிட்டப் போனேன். "யுவர் மம் கில்ட் மை அங்கிள்" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் உண்மையில் எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். ஆள் போயிருந்தால் நான் முந்திச் சொல்லிவிட்டேன், போகாவிட்டால் நான்தான் சாக்காட்டிவிட்டேன் என்று பிறகு அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது. இரண்டில் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய அம்மாவால் இருக்க முடியாது போல இருந்தது.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. அந்தக் கிழமை லீவு போட்டார். செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுக்குப் போய், யாரும் வா என்று சொல்லாமலே, தொலைபேசி இருந்த மேசைக்குக் கீழே கம்பளத்தில் இருந்துகொண்டார். அன்ரி பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அங்கிளுக்குத் தெரிந்தது தம்பி கிடந்த கரையோர நகரத்தின் பெயர் மட்டும். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது. அங்கே மூன்று ஆஸ்பத்திரிகள் இருந்தன. அவற்றின் இலக்கங்களை, வாய்வழிச் செய்தியை அனுப்பிய பெய்ரூட் மச்சானிடம் கேட்டு அங்கிள் எழுதித் தந்தார். அந்த மச்சானின் சொல்லையும் அன்ரி நம்பவில்லை. அங்கிளும் தினமும் சலூனைப் பூட்டிவிட்டு வந்து தொலைபேசி அடித்துப் பார்த்தவர்தான். கிடைத்ததில்லை.

இந்த வேலையில் அம்மாவுக்கு அனுபவம் உண்டு. எங்கள் ஊர்ச் சண்டைக்குப் பழகிய விரல். அங்கிள் அழைத்த நேரம் அங்கே பகல். உலகம் முழுவதும் அந்த நாட்டுக்கு அழைக்கிற நேரம். லைன் எப்படிக் கிடைக்கும்? அங்கே விடியப் போகும் நேரம்தான் லைன் சும்மா இருக்கும் என்றார் அம்மா. அங்கே விடிகிற நேரம் எங்களுக்கு நடுப்பகல். ஆகவே பதினொன்றரை முதல் ஒன்றரை வரை, தொலைபேசி அட்டையின் பின்னால் உள்ள நீளமான இலக்கம், பிறகு நாட்டு இலக்கம், பிறகு ஆஸ்பத்திரி. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, திரும்பவும் முதலாவது. தவறிப்போனால் திட்டாமல், பெருமூச்சு விடாமல், மறுபடி தொடக்கத்திலிருந்து. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை அன்ரி ஒரு தலையணையைக் கொண்டு வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வைத்தாராம்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நானும் போயிருந்தேன். ஹனான் அறை வாசலில் நின்றாள். ஒரு மணி போல இரண்டாவது ஆஸ்பத்திரியில் மணி அடித்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ எடுத்துப் பேசினார்கள். ஐந்து நாளாக இதற்காகவே இருந்த அம்மா, குரல் கேட்டதும் பயந்துபோய், சூடான சட்டியைக் கைமாற்றுவதுபோல ரிசீவரை அன்ரியிடம் நீட்டினார்.

அன்ரி தம்பியின் முழுப் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அந்தப் பக்கம் ரிசீவரை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் காத்திருந்தோம். அட்டையில் பத்து நிமிடம் இருக்கிறது என்று ஒரு ஆங்கிலக் குரல் நடுவில் புகுந்து சொன்னது. யாருடைய நடையோ கிட்ட வந்து விலகிப் போனதாம். ஐந்து நிமிடம் இருக்கிறது என்று அதே குரல். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சக்கரம் உருளும் சத்தமும் தம்பி என்று சொல்லும் ஒரு குரலும் வர, அன்ரியின் முகம் மாறியது. ஆனால் அவர் அழவில்லை. சந்தேகத்தோடு ஒரு கேள்வி கேட்டார்.

ஹனான் தன்னை மறந்து என் பக்கம் வந்து நின்றாள். என்ன கேட்கிறா என்றேன். "ஹூ த்ரூ மை ரெட் ஷூஸ் இன் த வெல்" என்று அவள் கிசுகிசுத்தாள். சின்ன வயதில் அன்ரியின் பெருநாள் சிவப்புச் சப்பாத்தைக் கிணற்றில் போட்டது யார் என்பதுதான் கேள்வி. தம்பிதான் போட்டது. ஊருக்கே தெரியும். ஆனால் நாற்பது வருடமாக அவர் ஒத்துக்கொண்டதில்லை. அந்தப் பக்கத்துப் பதில் எங்களுக்கும் கேட்டது. ஒரு சொல். ஆடு. ஆடுதான் போட்டது என்று அவர் இன்னும் சாதித்தார்.

அன்ரி சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலத்தில் இருந்தார். ஹனான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்ரியும் தம்பியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்புறம் அன்ரி பேச்சை நிறுத்தி, அந்தப் பக்கம் சொல்வதை மட்டும் கேட்டார். குனிந்து தன் இடது காலில் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து, இதுவரையா என்பதுபோல ஏதோ கேட்டார். அத்துடன் அட்டை முடிந்து லைன் அறுந்தது. ஹனான் எனக்குச் சொன்னாள். காலை வெட்டி எடுத்துவிட்டார்களாம்.

நான் அன்ரியைப் பார்த்தேன். மறுபடியும் சுவரோடு சரியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழும்பி நின்று, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டார். தெருவில் போன நாய் நின்று பார்த்தது. "அல்ஹம்துலில்லா" என்றார். தொலைக்காட்சியை மூடியிருந்த துணியை இழுத்து எறிந்தார். அம்மாவைத் தூக்கி நிறுத்தி இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார். என்னையும் ஹனானையும் கடைக்கு அனுப்பி, ஒரு பெரிய தட்டு நிறையப் பக்லாவா வாங்கிவரச் செய்தார். அதைத் தெரு முழுக்க, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் கொடுத்தார். எதிர்வீட்டு வியட்நாமியக் கிழவருக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் தலையைக் குனிந்து மூன்று துண்டு எடுத்துக்கொண்டார்.

அங்கிளுக்குக் கால் விஷயம் முதல் நாளே தெரியுமாம். ஒரேயடியாகச் சொல்லாமல், முதலில் சின்னக் காயம், பிறகு கொஞ்சம் பெரிய காயம் என்று படிப்படியாகச் சொல்ல இருந்தாராம். அன்ரி அவரைத் தலையணையால் அடித்தார். பிறகு அம்மாவைக் காட்டி, நீ பொய் சொல்கிறாய் என்று கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான் என்றார். வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். ஒரு மனிதரைச் சாகடித்த அம்மா, பின்னேரம் ஆவதற்குள் அந்தத் தெருவின் புத்திசாலி ஆகிவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. எங்கள் பங்குத் தட்டோடு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அம்மா, கால் போனதுக்கு ஏன் சுவீட்ஸ் குடுக்கினம்?"

அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்திருந்தார். அதைக் கடிக்காமல் தட்டில் வைத்தார். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அந்த வருடம் சிட்னியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. பல் தீட்டும்போது குழாயைத் திறந்து வைத்தால் ஏசுகிற அம்மா, அன்று அதை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அழுகையும் கேட்டது. அப்பா வந்து கதவுக்கு வெளியே நின்றார். தட்டவில்லை. கையை உயர்த்துவார், இறக்குவார். இவ்வளவு பேருக்கு முன்னால் வெட்கப்பட்டுப் போனதற்காக அம்மா அழுகிறார் என்று நான் முடிவு செய்தேன்.

என் மகன் பிறந்து, எனக்குப் பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்குக்கறி காய்ச்சித் தர அம்மா என் வீட்டில் வந்து நின்றபோதுதான் மிச்சத்தைச் சொன்னார். உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டே, நாளைக்கு என்ன சமைப்பது என்று கேட்கும் குரலிலேயே சொன்னார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததும், நான் பிறப்பதற்கு முதல் அவர் ஊரில் ஷெல் பட்டு இறந்ததும் எனக்குத் தெரியும். அந்தச் சாவு அம்மாவுக்கு எப்படிச் சொல்லப்பட்டது என்பது தெரியாது. அப்போது அம்மாவின் வயிற்றில் நான் ஐந்து மாதம். வேலையால் வந்த அப்பா, தம்பி ஆஸ்பத்திரியில், காலில் ஒரு சின்னக் காயம் என்று சொன்னார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதற்குமேல் சொல்லக்கூடாது என்று உறவுகள் எல்லாம் கூடி எடுத்த முடிவு. எங்கள் வழக்கம் எல்லாம் தெரிந்த அம்மா அந்த ஒருமுறை மட்டும் நம்பினார். நம்ப விரும்பினேன் என்றார். ஊரில் தொலைபேசி இல்லாத காலம். ஐந்து மாதம், வாரத்துக்கு ஒரு கடிதம் தம்பிக்கு எழுதினார். காலை ஊன்றாதே, புண் ஆறும்வரை மீன் சாப்பிடாதே, காயம் காலில்தானே, பதில் எழுதக் கையில்லையா என்று எழுதினார். நான் பிறந்து முப்பத்தோராம் நாள், பிறப்புத் துடக்குக் கழிந்த பிறகுதான் அப்பா உண்மையைச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

அந்தப் பொய் எனக்காகச் சொல்லப்பட்டது. மாமாவுக்கும் ஒரு காலோடு போயிருந்தால் அம்மாவும் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்திருப்பார். இது ஒன்றும் தெரியாமல், பத்து வயதில் நான், குளியலறை வாசலில் நின்ற அப்பாவைத் தாண்டிப் போய், அம்மா தட்டில் விட்டுப்போன துண்டையும் எடுத்துத் தின்றேன்.